முருங்கை இலைச் சாறும் இரத்தக்குழாய் செல்லின் முதுமையும்: இராமநாதபுரக் கரை மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்து உயிர்வேதியியல், உயிர்தொழில்நுட்ப மாணவர்கள் விரும்பி எடுக்கும் தலைப்பு இது. ஊரில் கிடைக்கும் ஓர் இலையின் ஃபிளேவனாய்டுகளை (செடிகள் உண்டாக்கும் ஒரு வகை பீனால் பொருள்கள்) பிரித்து, இரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் எண்டோதீலியல் செல்கள் முதுமை அடைவதை அவை தடுக்கின்றனவா என்று பார்ப்பது. இலை வீட்டுக் கொல்லையில் இருக்கிறது, செல் வளர்ப்புக் கூடமோ மதுரையிலோ காரைக்குடியிலோ. இடையில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து எழுதிய வரிசை இது. வரிசையை மாற்றினால் கிடைக்கும் எண்ணின் பொருளும் மாறிவிடும். 9ஆம் படியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

1. இலையைத் தொடும் முன் கேள்வியை எழுதுங்கள்

முதுமை அடைந்த செல் செத்த செல் அல்ல. பிரிவதை நிறுத்திவிடும், தட்டையாகப் பரந்து பருக்கும், ஐ.எல்-6, ஐ.எல்-8 போன்ற அழற்சிப் பொருள்களை வெளியே கொட்டும். எண்டோதீலியல் செல்லாக இருந்தால் நைட்ரிக் ஆக்ஸைடு உற்பத்தியும் குறையும், குழாய் தளர்ந்து விரியும் திறன் போகும்.

இதில் ஒரு சாறு மூன்று வேறு வேலைகளைச் செய்யலாம். செல் முதுமை அடையாமல் தடுக்கலாம். முதுமை அடைந்துவிட்ட செல்லை மட்டும் தேர்ந்து கொல்லலாம். கொல்லாமல், அது கொட்டும் அழற்சிப் பொருளை மட்டும் அடக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சாறு கொடுக்கும் நேரம் வேறு, அளக்கும் பொருளும் வேறு. ‘முதுமை எதிர்ப்பு’ என்று பொதுவாகத் தலைப்பு வைத்து வருபவர்கள் பெரும்பாலும் முதல் கேள்விக்கான சோதனையைச் செய்துவிட்டு இரண்டாவது கேள்விக்கான முடிவை எழுதுகிறார்கள்.

நோட்டில் ஒரே வரியில் எழுதுங்கள்: எந்த வேலை, எந்த செல், எந்த அளவு. அதன் பிறகு மரத்தடிக்குப் போகலாம்.

2. செடியைத் தேர்வது

முதல் முறை செய்பவர்களுக்கு முருங்கையைத்தான் சொல்வேன். அதன் இலையில் குவெர்செடின், கேம்ஃபெரால் இரண்டின் சர்க்கரை இணைந்த வடிவங்கள் நிறைய உண்டு, இரண்டும் கடையில் தூய பொருளாகவும் கிடைக்கும். ஒப்பிட ஆள் இருக்கிறது என்பதே பெரிய வசதி.

பூவரசு வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கரையெங்கும் நிற்கும் மரம்தான். ஆனால் அதில் காசிபோல் என்ற நச்சுத்தன்மை உள்ள பொருள் இருக்கிறது. தட்டில் செல் செத்தால் யார் கொன்றது என்று பிரிப்பதற்கே காலம் போய்விடும்.

கடற்பாசியை இந்தத் தலைப்பில் சேர்க்காதீர்கள். பழுப்புப் பாசிகளின் முக்கிய பீனால் ஃப்ளோரோடானின், ஃபிளேவனாய்டு அல்ல. மொத்த பீனால் சோதனையில் எண் நன்றாக வரும், அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடற்புல் வேறு கதை. அது பூக்கும் தாவரம், அதில் ஃபிளேவனாய்டு உண்டு. ஆனால் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றியோ, காரங்காட்டு அலையாத்திக் காட்டிலோ வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் இலைகூடப் பறிக்கக்கூடாது. அனுமதி கைக்கு வந்த பிறகு திட்டம் போடுங்கள்.

பறிக்கும் அன்றே பூவோ காயோ உள்ள ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கோ உங்கள் கல்லூரித் தாவரவியல் துறைக்கோ கொடுத்து அடையாளம் உறுதி செய்து எண் வாங்குங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதே மரத்தில் பூ இருக்காது.

3. கழுவுவதும் உலர்த்துவதும்

நம் கரையின் தனிச் சிக்கல் உப்பு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடி, பாம்பன் பக்கத்து இலைகளில் உப்பும் மணலும் படிந்திருக்கும். குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டுப் போகிறார்கள். பல ஊர்களில் அந்தத் தண்ணீரே உவர்ப்பு. கடைசி இரண்டு அலசலாவது காய்ச்சி வடித்த நீரில் இருக்கட்டும்.

காரணம் இதுதான்: எடை போடும்போது உப்பும் சேர்ந்து எடையாகிவிடும், ஒரு கிராம் சாற்றில் இருக்கும் ஃபிளேவனாய்டு குறைவாகத் தெரியும். சாற்றைச் செல்லுக்குக் கொடுக்கும்போது உப்பும் கூடவே போகும். உமரி, வெண்கண்டல் போன்ற உவர்நிலச் செடி என்றால் உப்பு இலைக்குள்ளேயே இருக்கிறது, கழுவிப் பயனில்லை. அப்போது சாற்றின் சாம்பல் அளவை 550 டிகிரி உலையில் கண்டுபிடித்து, அதே அளவு சோடியம் குளோரைடு மட்டும் சேர்த்த ஒரு கன்ட்ரோல் குழியை (செல் வளர்க்கும் தட்டில் ஒப்பீட்டுக்காக ஒதுக்கும் குழி) வையுங்கள்.

நிழலில் உலர்த்துங்கள், வெயில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் நிழலும் உதவாது, இரண்டாம் நாளே பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் 40 டிகிரி காற்றோட்ட அடுப்பு போதும். நொறுங்கும் பதம் வந்ததும் பொடித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். வெளியூர் கூடத்துக்குக் கொண்டுபோவது இந்தப் பொடியாக இருக்கட்டும், சாறாக வேண்டாம். பேருந்துச் சூட்டில் சாறு அப்படியே இருக்காது.

4. சாறு எடுப்பது

பத்து கிராம் பொடியை முதலில் ஹெக்சேனில் ஊறவைத்து, அந்தப் பச்சைக் கரைசலை நீக்கிவிடுங்கள். பச்சையத்தில் ஒரு பகுதியும் மெழுகும் அதோடு போய்விடும். இதைத் தாண்டிப் போகிறவர்கள் அடுத்த படியில் மாட்டுவார்கள்.

பிறகு 70 சதவீத எத்தனால் 100 மில்லி, ஒளிபடாமல் 24 மணி நேரம் குலுக்கல். வடிகட்டி, அதே பொடியில் இன்னும் இரண்டு முறை. மெத்தனால் இன்னும் நன்றாக இழுக்கும் என்பார்கள். ஆனால் மிச்சம் தங்கினால் செல்லுக்கு நஞ்சு, எத்தனாலே நல்லது. 40 டிகிரிக்கு மேல் போகாமல் சுழல் ஆவியாக்கியில் எத்தனாலை நீக்கி, மீதியை உறைய வைத்து உலர்த்துங்கள். கிடைக்கும் பொடியைச் சிறு குப்பிகளில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஒரே குப்பியைத் திறந்து திறந்து மூடினால் ஈரம் ஏறிப் பசையாகிவிடும்.

5. ஃபிளேவனாய்டை அளப்பது

அலுமினியம் குளோரைடு முறை போதும்: சாறு 0.5 மில்லி, எத்தனால் 1.5 மில்லி, 10 சதவீத அலுமினியம் குளோரைடு 0.1 மில்லி, 1 மோலார் பொட்டாசியம் அசிடேட் 0.1 மில்லி, நீர் 2.8 மில்லி. அரை மணி நேரம் கழித்து 415 நானோமீட்டரில் படியுங்கள். குவெர்செடினை வைத்து நியமக் கோடு வரையுங்கள்.

இங்கே எப்போதும் நடக்கும் தவறு, நீரை மட்டும் வெற்று மாதிரியாக வைப்பது. பச்சையமும் 430 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியை விழுங்கும். அதனால் ஒவ்வொரு சாற்றுக்கும், அலுமினியம் குளோரைடுக்குப் பதில் நீர் சேர்த்த தனி வெற்று மாதிரி வேண்டும். அதைக் கழிக்காத எண்ணில் பாதி பச்சையமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இன்னொன்று: இந்த முறை ஃபிளேவோன், ஃபிளேவனால் வகைகளைத்தான் நன்றாகப் பிடிக்கும். தேயிலை, கோகோவில் இருக்கும் கேட்டச்சின் வகை இதில் தெரியாது. எனவே ‘மொத்த ஃபிளேவனாய்டு’ என்று எழுதாமல் ‘குவெர்செடின் சமானம்’ என்று எழுதுங்கள். உள்ளே இருப்பது எது என்று சொல்ல, பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. வேண்டும்.

6. எந்த செல்

தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுக்கும் ஹூவெக் செல்தான் இந்த வேலைக்கு வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது, சாகாமல் வளர்கிறது என்று ஈ.ஏ.எச்.ஒய்-926 வாங்குகிறார்கள். அது ஹூவெக்கை நுரையீரல் புற்றுநோய் செல்லோடு இணைத்து உண்டாக்கிய சாகா வரிசை. முதுமைக்குக் கொண்டுபோகும் கட்டுப்பாடே தளர்ந்துபோன செல்லில் முதுமையைப் படிப்பது வீண்.

மருத்துவமனையில் தொப்புள்கொடி வாங்கிப் பிரிப்பதானால் நெறிமுறைக் குழு அனுமதியும் தாயின் எழுத்துச் சம்மதமும் முதலில் வர வேண்டும். தட்டில் ஜெலட்டின் பூசுங்கள், எண்டோதீலியல் செல்லுக்கான மீடியத்தையே (செல் வளரும் ஊட்டக் கரைசல்) பயன்படுத்துங்கள், 3 முதல் 6 வரையிலான பாசேஜில் (செல்லைப் புதுத் தட்டுக்கு மாற்றி விதைக்கும் சுற்று) சோதனையை முடியுங்கள். அதற்கு மேல் போனால் நீங்கள் முதுமை உண்டாக்கும் முன்பே அவை கிழவிகளாகியிருக்கும்.

7. பாதுகாப்பான அளவைக் கண்டுபிடிப்பது

சாற்றை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து, நைலான் அல்லது பி.டி.எஃப்.இ. வடிகட்டியில் 0.22 மைக்ரானுக்கு வடியுங்கள். வேறு சில சவ்வுகளை டி.எம்.எஸ்.ஓ. கரைத்துவிடும். குழியில் டி.எம்.எஸ்.ஓ. 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, எல்லாக் குழியிலும் ஒரே அளவு இருக்க வேண்டும், சாறு இல்லாத குழியிலும்.

சாறு மில்லிக்கு 1 முதல் 100 மைக்ரோகிராம் வரை, கூடவே தூய குவெர்செடின் 1, 5, 10 மைக்ரோமோலார். பத்து மைக்ரோமோலார் என்பது மில்லிக்கு ஏறக்குறைய 3 மைக்ரோகிராம். இந்தக் கணக்கைப் போடாமல் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் பொருளில்லை.

உயிர்ப்புச் சோதனைக்கு, உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும் எம்.டி.டி. சாயம் மட்டும் போதாது. குவெர்செடின் போன்றவை செல்லே இல்லாத குழியிலும் எம்.டி.டி.யை ஊதாவாக மாற்றும். செத்த தட்டுகூட உயிரோடு இருப்பதாகக் காட்டும். சாறும் மீடியமும் மட்டும் உள்ள குழி ஒன்று வையுங்கள், சாற்றைக் கழுவிய பிறகு எம்.டி.டி. போடுங்கள், செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிப்பான் நீலம் வைத்துக் கையாலும் எண்ணுங்கள்.

8. முதுமையை உண்டாக்கி, முதலில் நிரூபிப்பது

சாற்றை இந்தப் படியில் தொடவே கூடாது. உங்கள் கையில், உங்கள் செல்லில் முதுமை உண்மையிலேயே வருகிறதா என்று காட்டிய பிறகே அடுத்த படி.

வழக்கமான வழி ஹைட்ரஜன் பெராக்சைடு, 50 முதல் 200 மைக்ரோமோலார், ஒரு மணி நேரம். பிறகு கழுவி, புது மீடியத்தில் மூன்று முதல் ஐந்து நாள். முதுமை ஒரு மணி நேரத்தில் வராது, நாள் எடுக்கும். மறுநாளே, முதுமைச் செல்லை நீலமாகக் காட்டும் சாயம் (10ஆம் படி) போட்டுவிட்டு ‘வரவில்லை’ என்று அளவை ஏற்றுகிறார்கள். ஏற்றினால் செல் முதுமை அடையாமல் செத்துப்போகும்.

மீடியத்தில் சோடியம் பைருவேட் இருக்கிறதா என்று புட்டியின் லேபிளைப் பாருங்கள். இருந்தால் அது பெராக்சைடைத் தின்றுவிடும். சீரமும் ஓரளவு அப்படியே. பைருவேட் இல்லாத, சீரம் குறைந்த மீடியத்தில் அந்த ஒரு மணி நேரத்தை நடத்துங்கள். 30 சதவீதப் புட்டி ஏறக்குறைய 9.8 மோலார்தான், ஆனால் பல முறை திறந்து மூடிய புட்டியில் அது இருக்காது. 240 நானோமீட்டரில் படித்து, 43.6 என்ற மோலார் உறிஞ்சு கெழுவால் வகுத்து உண்மை அளவைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்குங்கள்.

சர்க்கரை நோயோடு தொடர்புபடுத்த விரும்பினால் 25 முதல் 30 மில்லிமோலார் குளுக்கோஸ். அதற்கு கன்ட்ரோல் 5.5 மில்லிமோலார் மட்டுமல்ல, மீதியை மானிட்டாலால் நிரப்பிய குழியும் வேண்டும். இல்லையென்றால் சர்க்கரையின் வேலையா, அடர்த்தியின் வேலையா என்று தெரியாது.

9. சாறு எப்போது, எதற்கு முன், எதற்குப் பின்

புதியவர்கள் பெரும்பாலும் செய்வது: சாற்றையும் பெராக்சைடையும் ஒரே மீடியத்தில் சேர்த்து ஊற்றுவது. நீலச் செல்கள் குறையும், படம் அழகாக வரும், முடிவுரை தயார். ஆனால் அங்கே நடந்தது, சாறு வெளியிலேயே பெராக்சைடை முறித்தது. செல்லுக்குத் தாக்குதலே போய்ச் சேரவில்லை. வைட்டமின் சி போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதே படம்தான்.

தடுக்கிறதா என்ற கேள்விக்கு: சாறு 24 மணி நேரம், பிறகு நன்றாகக் கழுவுங்கள், பெராக்சைடு ஒரு மணி நேரம், மீண்டும் கழுவுங்கள், புது மீடியத்தில் மூன்று முதல் ஐந்து நாள், பிறகு சாயம். இடையில் கழுவியதால், மிஞ்சும் பலன் செல்லுக்குள் நடந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளை எழுப்பும் என்.ஆர்.எஃப்-2, எஸ்.ஐ.ஆர்.டி-1 போன்ற வழிகளைத் தேட இந்த வரிசைதான் பொருந்தும்.

கொல்கிறதா என்ற கேள்விக்கு: முதலில் பெராக்சைடு, பிறகு ஒரு வாரம் காத்திருந்து முதுமை உறுதியான பின் சாறு, 24 முதல் 48 மணி நேரம். பக்கத்திலேயே இளம் செல் தட்டு ஒன்று, அதற்கும் அதே சாறு. முதுமைச் செல் மட்டும் குறைந்து இளம் செல் நின்றால்தான் தேர்ந்து கொல்கிறது. இரண்டும் குறைந்தால் அது வெறும் நச்சு. குவெர்செடின் முதுமை அடைந்த ஹூவெக்கைக் குறைக்கிறது என்று 2015இல் வெளிவந்த ஆய்வில் காட்டினார்கள். ஆனால் இளம் செல்லைத் தொடாமல் முதுமைச் செல்லை மட்டும் தொடும் அளவின் இடைவெளி குறுகியது. ஒப்பிட, முதுமைச் செல்லைக் கொல்லும் நாவிடோகிளாக்ஸ் மருந்தை வையுங்கள், ஹூவெக்கில் அது நன்றாக வேலை செய்யும்.

அடக்குகிறதா என்ற கேள்விக்கு: முதுமைச் செல்லுக்குச் சாறு, கழுவி, சாறில்லாப் புது மீடியத்தில் 24 மணி நேரம், அந்த மீடியத்தை எடுத்து அதிலுள்ள ஐ.எல்-6ஐ எலிசா முறையில் அளக்க வேண்டும். செல் எண்ணிக்கையால் வகுக்காமல் எழுதாதீர்கள். பாதி செல் செத்திருந்தால் ஐ.எல்-6உம் பாதியாகும், அதை அடக்கம் என்று நினைத்துவிடுவீர்கள். இலையோடு வந்த பாக்டீரியாவின் எண்டோடாக்சின் 0.22 வடிகட்டியைத் தாண்டிவிடும், அதுவே ஐ.எல்-6ஐ ஏற்றும். இந்தக் கேள்வியை எடுப்பவர்கள் சாற்றுக்கு எண்டோடாக்சினைக் கண்டுபிடிக்கும் எல்.ஏ.எல். சோதனை செய்தே ஆக வேண்டும்.

மூன்று வரிசைக்கும் பொதுவாக ஒன்று: குவெர்செடின் மீடியத்திலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து தானாகப் பெராக்சைடை உண்டாக்கும். சந்தேகம் வந்தால், பெராக்சைடை உடைக்கும் நொதியான கேட்டலேஸ் சேர்த்த குழி ஒன்று வைத்துப் பாருங்கள்.

10. நீலச் சாயம்

முதுமை சார்ந்த பீட்டா-கேலக்டோசிடேஸை பி.எச். 6.0இல் பார்க்கிறோம். சாதாரண லைசோசோம் நொதி பி.எச். 4 அளவில்தான் நன்றாக வேலை செய்யும், முதுமைச் செல்லில் அது மிக அதிகமாக இருப்பதால் 6.0இலும் நீலம் வருகிறது. ஆக, முழுச் சோதனையும் அந்த ஓர் எண்ணில் தொங்குகிறது. 5.5க்கு இறங்கினால் எல்லாச் செல்லும் நீலம், 6.5க்கு ஏறினால் எதுவுமே இல்லை.

2 சதவீத ஃபார்மால்டிஹைடும் 0.2 சதவீத குளூட்டரால்டிஹைடும் கலந்து மூன்று முதல் ஐந்து நிமிடம் மட்டும். அதிக நேரம் வைத்தால் நொதி செத்துப்போகும். பிறகு எக்ஸ்-கேல் (நொதி வெட்டினால் நீலமாகும் பொருள்) மில்லிக்கு ஒரு மில்லிகிராம், பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடும் ஃபெர்ரிசயனைடும் தலா 5 மில்லிமோலார், சோடியம் குளோரைடு 150, மக்னீசியம் குளோரைடு 2 மில்லிமோலார், சிட்ரேட்-பாஸ்பேட் தாங்கல். 37 டிகிரி, 12 முதல் 16 மணி நேரம்.

கார்பன் டை ஆக்ஸைடு உள்ள இன்குபேட்டரில் வைக்காதீர்கள், அந்த வாயு கரைந்து பி.எச்.ஐ இறக்கிவிடும். சாதாரண 37 டிகிரிப் பெட்டி போதும். தட்டின் விளிம்பைப் பாராஃபிலிமால் மூடுங்கள், உலர்ந்தால் நீலப் படிகம் விழும், அதையும் செல் என்று எண்ணியவர்கள் உண்டு.

செல் நெருங்கித் தட்டு நிறைந்தாலும் நீலம் வரும். பெராக்சைடு போட்ட குழி பிரிவதை நிறுத்தி இடைவெளியோடு இருக்கும், கன்ட்ரோல் குழியோ ஐந்து நாளில் நிறைந்துவிடும், இளம் செல்லும் நீலமாகும். சாயத்துக்கு முந்தின நாள் எல்லாக் குழியையும் எடுத்து ஒரே அடர்த்தியில் மறுபடி விதைத்துவிடுங்கள்.

எது எந்தக் குழி என்று தெரியாத ஒருவர் எண்ணட்டும். ஒரு குழிக்கு 300 செல்லாவது, செல்லின் கருவை ஒளிரச்செய்யும் டேப்பி சாயத்தில் மொத்தத்தையும் எண்ணி. சதவீதத்தை மட்டும் கொடுக்காமல் மொத்த எண்ணிக்கையையும் அட்டவணையில் போடுங்கள்.

11. மற்ற சாட்சிகள்

நீலம் ஒன்றை வைத்து முதுமை என்று சொல்ல முடியாது. பிரிவதை நிறுத்தும் பி16, பி21 புரதங்களின் அளவு, பிரியும் செல்லின் டி.என்.ஏ.வில் சேரும் இ.டி.யு. ஏறாதது, கரு உறைப் புரதமான லேமின் பி1 குறைவது ஆகியவற்றில் குறைந்தது இரண்டையாவது சேருங்கள். பச்சை ஒளிர்வுச் சோதனைகளில் கவனம் தேவை. குவெர்செடின் செல்லுக்குள் போய்த் தானே பச்சையாக ஒளிரும்.

நைட்ரிக் ஆக்ஸைடுக்கு, அது மாறி உண்டாகும் நைட்ரைட்டை நிறத்தால் அளக்கும் கிரீஸ் சோதனையை எல்லாரும் செய்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. எண்டோதீலியல் செல் தரும் அளவு மிகச் சிறியது, சோதனையின் அடி எல்லையில் நிற்கும். கீரை வகையிலோ நைட்ரேட் தானாகவே உண்டு. நைட்ரேட்டை ஒடுக்கி அளக்கும் கிட் என்றால் இலையின் நைட்ரேட்டைத்தான் செல்லின் வேலை என்று படிப்பீர்கள். செல் இல்லாத சாற்றுக் குழியும், எல்-நேம் போட்டு உற்பத்தியை நிறுத்திய குழியும் இல்லாமல் இந்த எண்ணை எழுத வேண்டாம்.

மூன்று குழி என்பது மூன்று முறை அல்ல. வெவ்வேறு தொப்புள்கொடிகளிலிருந்து வந்த செல்லில், வெவ்வேறு நாளில் செய்தால்தான் மூன்று.

12. முடிவை எழுதுவது

நீங்கள் தட்டில் ஊற்றியது இலைச் சாறு. இரத்தக்குழாய் பார்ப்பது அதுவல்ல. சர்க்கரை இணைந்த குவெர்செடின் குடலில் பிரிந்து, குடற்சுவரிலும் கல்லீரலிலும் குளூக்குரோனைடு, சல்ஃபேட் இணைந்த வடிவமாக மாறித்தான் இரத்தத்துக்கு வருகிறது. நிறைய வெங்காயம் சாப்பிட்டாலும் சில மைக்ரோமோலாரைத் தாண்டாது. தட்டில் 50 மைக்ரோமோலாரில் கண்டதை அங்கே எதிர்பார்ப்பது கடலில் கரைத்த பெருங்காயம். முடிந்தால் குவெர்செடின்-3-குளூக்குரோனைடு 1 மைக்ரோமோலாரில் ஒரு தட்டு கூடுதலாக வையுங்கள். பலன் வராவிட்டாலும் அது பயனுள்ள தகவல்.

மனிதரில் எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் அளவுகோல்: 21,442 பேரைச் சேர்த்து, அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கோகோ ஃபிளேவனால் தினமும் 500 மில்லிகிராமும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்த காஸ்மோஸ் சோதனையின் முடிவு 2022இல் வந்தது. இதயநோய் மரணம் குறைந்தது. ஆனால் முதலில் குறித்து வைத்த இலக்கான மொத்த இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

ஊருக்குப் போனால் பெரியம்மா ஒருவர் கேட்பார்: “ஏம்ப்பா, அந்த முருங்கைப் பொடி பிரஷருக்குக் கேக்குமாமே, எனக்கும் கொஞ்சம் கொடேன்.” கூடத்துச் சாற்றை யாருக்கும் கொடுக்காதீர்கள். அதில் ஹெக்சேன் மிச்சம் இருக்கலாம், அவர் சாப்பிடும் மாத்திரையோடு அது என்ன செய்யும் என்று நீங்கள் சோதிக்கவில்லை. முருங்கைக் கீரையைப் பொரியலாகச் சாப்பிடட்டும், மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

ஆய்வேட்டின் கடைசி வரியில் ‘முருங்கை இரத்தக்குழாயின் முதுமையைத் தடுக்கிறது’ என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: ‘இந்த அளவில், 24 மணி நேரம் முன்னதாகக் கொடுத்துக் கழுவிய முருங்கை இலை எத்தனால் சாறு, பெராக்சைடால் ஹூவெக் செல்களில் உண்டான முதுமைக் குறிகளைக் குறைத்தது, மொத்தச் செல் எண்ணிக்கை மாறவில்லை.’ நேர்முகத்தில் வெளித்தேர்வாளர் முதலில் கேட்பது கழுவினீர்களா என்பதாகத்தான் இருக்கும். அந்த வரியில் அதற்கான பதில் ஏற்கனவே இருக்கிறது.